அக்காவின் ஏழு தொட்டிகளும் ஒரு வருஷத்து வெயிலும்

எனக்குத் தலை பின்னும்போதெல்லாம் குட்டி, குட்டிய இடத்திலேயே முத்தமும் கொடுத்த அக்காவுக்கு,

வருகிற மாசியோடு நீ போய் ஒரு வருஷம். நான் இன்னும் உன் திருப்பதி வீட்டில்தான் இருக்கிறேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஸ்ரீசிட்டிக்கு, என் ஃபேக்டரி வேலைக்குத் திரும்புவதாகத்தான் வந்தேன். தாயில்லாத பிள்ளை, நித்யா கொஞ்சம் தேறட்டும் என்றார்கள். அப்புறம் ஸ்கூல் திறக்கட்டும் என்றார்கள். அதற்கப்புறம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் பெட்டி வரதய்யபாளையம் ஹாஸ்டலில் ஒரு தோழியின் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

செடிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நீ அதைத்தான் முதலில் கேட்பாய். உன் ஏழு சக்குலண்ட் தொட்டிகளில் ஐந்து இருக்கின்றன. மற்ற இரண்டும் என் கையால்தான் போயின. திட்டிக்கொள்.

பால்கனிச் சுவரிலும் படுக்கையறை ஜன்னல் விளிம்பிலும் நீ ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருந்தாய். சிவப்பு, பச்சை, கறுப்பு. முகம் கழுவும் முன் பொட்டை எடுத்துக் கண்ட இடத்தில் ஒட்டுவது உன் பழைய பழக்கம்தானே என்று நினைத்தேன். காரியத்துக்கு முந்தின நாள் வீடு கழுவியபோது அம்மா அவற்றைப் பார்த்து, "பாக்க பாக்க வயிறு எரியுது, எடுத்துடு" என்றாள். நகத்தால் சுரண்டி எடுத்தது நான். ஒரு வாரம் கழித்து மாமா மெதுவாகச் சொன்னார்.

"அது வெயிலுக்கு ஒட்டுனது செல்வி. சிவப்பு கோடைக்கு, பச்சை மழைக்கு, கறுப்பு பனிக்கு. எந்தத் தொட்டி எப்ப எங்க வைக்கணும்னு உங்கக்கா அடையாளம் போட்டு வச்சிருந்தா."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா மாமா?"

"நீ அழுதுக்கினே சொரண்டிக்கினு இருந்த. நான் இன்னான்னு சொல்றது?"

உன் வீட்டுக்காரரைப் பற்றி உனக்குத் தெரியாததா? எதையும் நடந்து முடிந்த பிறகுதான் சொல்வார்.

சித்திரை வந்தது. ஊரே வெயில் வெயில் என்று புலம்புகிறது, உன் தெற்குப் பால்கனியில் வெயிலே விழவில்லை. அந்த மாசங்களில் சூரியன் தலைக்கு மேலே ஏறி வடக்குப் பக்கம் ஒதுங்கிவிடுகிறது என்பது டிப்ளமோ படித்த எனக்குத் தெரியவில்லை. பத்தாவதோடு நின்ற நீ அதைச் சுவரைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? செடிக்கு வெயில் வேண்டுமே என்று ஏழு தொட்டிகளையும் சமையலறை ஜன்னலுக்குத் தூக்கிப் போனேன். அது மேற்கு. மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு அங்கே நிற்கிற வெயிலில் அப்பளம் பொரிக்கலாம். நான்கே நாளில் அந்த ரோஜா மாதிரி அடுக்கடுக்காக இருக்குமே, அவை இரண்டும் கருகிக் கூழாகிவிட்டன. கிழக்குப் பார்த்த படுக்கையறை ஜன்னலில் பத்து மணி வரைக்கும் விழுகிற இளவெயில் போதும் என்று உன் சிவப்புப் பொட்டு சொல்லியிருக்கும்.

பயந்துபோய் மீதி ஐந்தையும் ஹாலில் டிவி பக்கத்தில் வைத்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் வானம் வெளுக்கவே இல்லை. அவை மட்டும் மளமளவென்று உயரமாகின. அம்மா நம் ஊர் பாலசமுத்திரத்திலிருந்து வந்தவள் பார்த்துப் பூரித்துப் போனாள்.

"செடி நல்லா வளந்துக்கினு கீது பாரு. நீயும் இந்த ஊட்ல நல்லா பொருந்திட்டம்மா."

நானும் சந்தோஷப்பட்டேன், அக்கா. வெட்கமாக இருக்கிறது இப்போது. நர்சரிக்காரரிடம் போட்டோ காட்டினேன், பாராட்டுவார் என்று. அவர் உதட்டைப் பிதுக்கினார். "பெரகலேதும்மா, வெலுதுரு கோசம் ஏடுஸ்தோந்தி" என்றார். வளரவில்லையாம், வெளிச்சம் கேட்டு அழுகிறதாம். இலைக்கும் இலைக்கும் நடுவே இத்தனை இடைவெளி விட்டுத் தண்டு நீண்டால் அது ஆரோக்கியம் இல்லை. நீண்டது நீண்டதுதான், இனி எவ்வளவு வெயில் காட்டினாலும் குறுகாது. தலைப்பக்கத்தை வெட்டி, காயம் உலர விட்டு, புதிதாக ஊன்ற வேண்டும். வெயிலுக்கும் சட்டென்று கொண்டுபோகக் கூடாது, முதல் நாள் அரை மணி, மறுநாள் ஒரு மணி என்று பழக்க வேண்டுமாம். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அம்மா சொன்னதுதான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. நல்லா பொருந்திட்ட.

மார்கழியில் தெற்குப் பால்கனிக்கு வெயில் திரும்பி வந்தது. தாழச் சாய்ந்து ஹாலில் சோபா கால் வரைக்கும் நீள்கிறது. வெட்டி ஊன்றினேன். ஐந்தும் வேர் பிடித்துவிட்டன. வாரத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பி வைக்கிறேன். நான் மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கிறேன்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. என்னை மாமாவுக்குக் கட்டி வைக்கப் போகிறார்கள். தங்கச்சி இருக்கும்போது வெளியிலிருந்து ஒருத்தி எதற்கு என்கிறாள் அம்மா. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் முடித்தால் உண்டு, விட்டால் மூன்று வருஷம் கூடாதாம். நைனா துண்டை உதறி உதறித் தோளில் போட்டுக்கொள்கிறார். யாரும் என்னை அடிக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை. எல்லாரும் பாசமாகத்தான் இருக்கிறார்கள். அதனால்தான் மூச்சு முட்டுகிறது. கத்துவதற்குக்கூட ஒரு கெட்டவர் இல்லை.

மாமா நல்லவர். எனக்கு வேண்டாம், அவ்வளவுதான். நான் வேலைக்குப் போய் என் காலில் நிற்க ஆசைப்படுகிறேன். இதைச் சொன்னால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேனா? உன்னையும் ஒருநாள் இப்படித்தான் கேட்காமலே கட்டி வைத்தார்களா? நான் உன்னிடம் கேட்டதே இல்லையே.

தை முடிவதற்குள் வந்தால் சேர்த்துக்கொள்வார்கள் என்று என் லைன் லீடர் போன் செய்தாள். நேற்று மாமாவிடம் துணிந்து பேசிவிட்டேன். அவர் காபி தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் மனசு ஒப்பல செல்வி. உன்ன பாக்கறப்பல்லாம் தங்கச்சின்னுதான் கீது. நீ மொதல்ல சொல்லு, நான் பின்னால நிக்கறேன்."

பின்னால் நிற்கிறாராம், மகராசன். முன்னால் யார் நிற்பது? ஆனாலும் தான் வேலை பார்க்கும் லாட்ஜில் கேட்டுக் காலை டியூட்டி வாங்கிவிட்டார். நித்யா ஸ்கூலிலிருந்து வரும்போது வீட்டில் இருப்பார். அது போதும்.

இத்தனைக்கும் இன்று காலை வரை நான் தயங்கிக்கொண்டுதான் இருந்தேன். இந்த ஊர்ப் பிள்ளைகள் சித்தியைக் கூப்பிடுவது போல நித்யா என்னைப் பின்னி என்றுதான் கூப்பிடுவாள், உனக்குத் தெரியும். பல் தேய்த்துவிட்டு வந்தவள் கதவருகே நின்று, "அம்மா" என்றாள். உன்னைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். என்னைத்தான் கூப்பிட்டாள். அப்படிக் கூப்பிடச் சொல்லி அம்மா போனில் பழக்கியிருக்கிறாள்.

ஏழு வயது. பாடம் ஒப்பிக்கிறவள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்: "உன்ன அம்மான்னா, எங்கம்மாவ இன்னான்னு கூப்புடறது?"

உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் வெகுநேரம் அழுதோம். "பின்னின்னே கூப்புடு" என்று மட்டும் சொன்னேன். அவள் உடனே மூக்கைத் துடைத்துக்கொண்டு இட்லி துன்னப் போய்விட்டாள்.

நாளைக்கு அம்மாவும் நைனாவும் தேதி குறிக்க வருகிறார்கள். அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிடுவேன். அம்மா அழுவாள், என்னோடு பேசாமல் இருப்பாள், இருக்கட்டும். திங்கட்கிழமை வேலைக்குப் போகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் வந்து ஞாயிறு முழுக்க நித்யாவோடு இருப்பேன், எந்த வாரமும் தவறமாட்டேன். அவள் வாயில் அம்மா என்றால் அது நீதான். அந்த இடத்தில் நான் உட்காரமாட்டேன். உட்கார வைக்கவும் விடமாட்டேன்.

உன் தங்கை, தங்கையாகவே இருக்கப் போகிற
செல்வி