குறித்துளையில் ஒரு மயிரிழை

ஏப்ரல் 6, சனி

ரைஃபிள் கிளப்பில் ஐந்நூறு கெஜம், பத்துத் தோட்டா. நாலு மேலும் கீழுமாக ஓடிவிட்டன. கொடிகள் எல்லாம் தொங்கிக் கிடந்தன, காற்றின் மேல் பழி போடவும் வழியில்லை. பக்கத்தில் உட்கார்ந்து புள்ளி எழுதியது க்ளைவ். இருபது வருஷமாக எனக்கு அவன் எழுதுவான், அவனுக்கு நான். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "ரேலீன், ராத்திரி தூங்கினியா இல்லியா?" என்றான்.

"காப்பி மூணு குடிச்சேன்" என்றேன். பொய். ஒன்றுதான்.

அப்பாவுக்கு அறுபத்தொன்றில்தான் கைநடுக்கம் ஆரம்பித்தது. எனக்கு இப்போது அறுபத்தொன்று. சரி, எழுதியாகிவிட்டது.

ஏப்ரல் 7, ஞாயிறு

கையா, ரைஃபிளா? பார்த்துவிடுவது என்று இறங்கினேன். தோட்டா இல்லாத ரைஃபிளை மணல் மூட்டைகளுக்கு நடுவே அசையாமல் வைத்து, கண்ணருகே இருக்கும் குறித்துளை வழியாக வேலிக் கம்பத்து ஆணியைப் பார்த்தேன். துளைத்தகட்டைக் கட்டைவிரலால் லேசாக மேலே தள்ளினேன். ஆணி துள்ளியது!

ஆட்டம் இருக்கிறது. தகட்டை ஏற்றி இறக்கும் திருகின் மரை தேய்ந்திருக்கிறது. எனக்கு வந்த சந்தோஷத்தில் கோழிகளுக்கு இரண்டு தடவை தீனி போட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. விரலை எடுத்தால் தகடு தன் கனத்தால் பழைய இடத்துக்கே வந்து உட்கார்கிறது. ஒவ்வொரு தடவையும். ஏன்?

ஏப்ரல் 10, புதன்

ரைஃபிள் பெட்டகத்தில், பூட்டி. குறித்துளை மட்டும் பட்டறை மேசையில். புது மரை வெட்ட எனக்குத் தெரியாது. இடைவெளியில் ஒரு பித்தளைத் தகடு கொடுத்தால் போதும் என்று தோன்றியது. முதல் தகடு தடிமன், திருகு சுற்றவே மாட்டேன் என்றது. இரண்டாவதை அரத்தால் ராவி ராவிக் காகிதமாக்கிவிட்டேன். மூன்றாவது பொருந்தியது. விரலால் தள்ளினால் அசையவே இல்லை.

இரண்டு மணி நேரம் அரம் பிடித்தும் கை ஆடவில்லை. பார்த்தாயா!

பிறகு தேநீர் ஆறட்டும் என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். மடியில் கட்டைவிரல் மட்டும் தானாக உருண்டுகொண்டிருந்தது, மாவு உருட்டுவது போல.

ஏப்ரல் 13, சனி

மறுபடியும் நாலு. அதே மாதிரி மேலும் கீழும்.

"நீ சுடு" என்று ரைஃபிளை க்ளைவிடம் கொடுத்தேன். அவன் படுத்தான். குறித்துளையை வேண்டிய அளவுக்கும் கீழே இறக்கி, பிறகு மேலே ஏற்றி நிறுத்தினான். பத்தும் மையத்தில்.

அப்போதுதான் உறைத்தது. கீழே போய் மேலே வந்து நில் என்று கிளப்பில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தவளே நான்தானே. அப்படி ஏற்றினால் தகடு மரை மேல் உட்கார்ந்துவிடும். ஆட்டம் எத்தனை வருஷம் இருந்தால்தான் என்ன? யாருக்கும் கெடுதல் இல்லை. கெடாத ஒன்றை ரிப்பேர் செய்திருக்கிறேன்.

"என் கை ஆடுறது எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"கிறிஸ்துமஸ்லேர்ந்து."

"ஏன்டா சொல்லல?"

"சுடுறவங்ககிட்ட புள்ளி எழுதுறவன் வாயத் தொறக்கக் கூடாது. நீ சொன்ன சட்டம்தான?"

"படுத்திருக்கும்போதுதான் அந்தச் சட்டம். எழுந்தப்புறம் என்ன கேடு உனக்கு?"

அவன் கொண்டுவந்திருந்த கறி அடைத்த பேஸ்டியை இரண்டாக வெட்டி, பெரிய பாதியை என் பக்கம் தள்ளினான். அழுகை வந்தது. சாப்பிட்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

மே 3, வெள்ளி. அடிலெய்டு

டாக்டர் சின்னப் பெண். "வேலை செய்யும்போது நடுங்குதா, சும்மா இருக்கும்போதா?" என்றாள். பையிலிருந்து இந்த நோட்டை எடுத்து ஏப்ரல் 10-ஐப் படித்துக் காட்டினேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு, "இன்னொரு தடவ படிங்க" என்றாள்.

அப்பாவுக்கு வந்ததேதான், கை ஓய்ந்திருக்கும்போது ஆடும் நோய். மாத்திரை உண்டு.

மே 11, சனி

இன்று நான் சுடவில்லை. க்ளைவுக்குப் புள்ளி எழுதினேன். கோணல் மாணலாக இருந்தது, அவன் குறை சொல்லவில்லை. மாலையில் தன் குறித்துளையை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்தான்.

"இதுவும் ஆடுது."

"ஆடினா ஆடட்டும். கெடுதல் இல்லன்னு தெரியும்ல?"

"தெரியும். இருந்தாலும் பண்ணிக் குடு."

முதல் தகடே பொருந்திவிட்டது. அரத்தைக் கீழே வைத்தேன். கட்டைவிரல் உருளத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் ராவலாம் என்று அரத்தை மறுபடி எடுத்துக்கொண்டேன்.