கட்டிலுக்கடியில் இருந்த ஆன்டெனா

ஓஹாயோ,
ஆகஸ்ட் 4, 2009

லெப்டினென்ட் லோவல் ப்ரூயிட் அவர்களுக்கு,

வெண்டலின் மனைவி வெர்னா எழுதுவது. நலமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் அனுப்பிய பார்சல் நேற்று வந்தது. வியட்நாமில் வெண்டல் முதுகில் சுமந்த அதே மாதிரி ராணுவ வயர்லெஸ் பெட்டி. பையைத் திறந்தால் நீள ஆன்டெனாவும் இருக்கிறது. இந்தத் தடவை எடுத்து ஒளித்துவைக்காமல் அனுப்பிவிட்டீர்கள், சந்தோஷம்.

கூடவே வந்த கடிதத்தை நின்றபடியே படித்தேன். 1968இல் அந்த மலைச்சரிவில் உங்கள் படையிலிருந்த டூயி ஓடம் என்ற சிப்பாய் குண்டடிபட்டுக் கிடந்தபோது, ஹெலிகாப்டரைக் கூப்பிட வெண்டல் நீள ஆன்டெனாவைத் தேடினார். பையில் இல்லை. குட்டை ஆன்டெனா அவ்வளவு தூரம் எட்டவில்லை. பத்தொன்பது வயதுப் பையன் இரண்டு மணி நேரம் துடித்துச் செத்தான். வயர்லெஸ்காரன் அதை முகாமிலேயே மறந்துவிட்டான் என்று நீங்கள் அறிக்கை எழுதினீர்கள். "உயரமான கம்பிக்குப் பக்கத்தில் நிற்பவன்தான் அதிகாரி என்று எதிரி குறிபார்ப்பான், அந்தப் பயத்தில் நானே எடுத்து என் கட்டிலுக்கடியில் தள்ளினேன்" என்று இப்போது எழுதுகிறீர்கள். அடப்பாவி மனிதரே!

வெண்டலுக்குத் தன் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. சர்ச்சுக்குக் கிளம்பினால் பாதி வழியில் வண்டியைத் திருப்புவார். "அடுப்ப அணைச்சேனா வெர்னா? நீ பாத்தியா? நெசமா பாத்தியா?" என்பார். நாற்பது வருஷம் இதே பாடு. டூயியின் அக்கா பெர்னிஸ் எங்களை மளிகைக் கடையில் கண்டால் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். ஒருமுறை இவராக வலியப் போய்ப் பேசினார். "என் தம்பிய தூக்கிட்டு வர்றத விட அந்தக் கம்பி கனமா இருந்துச்சாடா?" என்று கேட்டாள். ரொட்டிகூட வாங்காமல் வந்துவிட்டோம்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் கண்காட்சி மைதானத்தில் பழைய படைவீரர்கள் கூடி அவரவர் வயர்லெஸ் பெட்டியை இயக்கி வைக்க, போரில் இறந்தவர் பெயர்களை வயர்லெஸில் வாசிப்பது நீங்கள்தான். டூயியின் பெயருக்கு மட்டும் உங்கள் குரல் நடுங்கும். வெண்டல் தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்து நிற்பார். அதையும் பார்த்துக்கொண்டே அடுத்த பெயருக்குப் போவீர்கள்.

அவர் மார்ச்சில் கண்ணை மூடினார். உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. இப்போது, "இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும் வெர்னா" என்கிறீர்கள். இருக்காது.

பக்கத்து வீட்டு கஸ் பெட்டியைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "மைதானத்தோட அந்தக் கோடி வரைக்கும் கணீர்னு கேக்கும்" என்றார். இந்தச் சனிக்கிழமை நடக்கும் கூட்டத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். பெர்னிஸும் வருகிறாள், நானே வீட்டுக்குப் போய் அழைத்தேன். டூயியின் பெயரை வாசித்ததும், கட்டிலுக்கடியில் இருந்ததை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால், ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் பேசும் பொத்தானை விட்டு மௌனம் காப்பீர்களே, அந்த இடைவெளி எனக்குப் போதும். எல்லார் பெட்டியிலும் கேட்கும்படி, உங்கள் கடிதத்தை முதல் வரியிலிருந்து நான் வாசிப்பேன்.

வரும் திங்கட்கிழமை உங்களுக்கு இதய அறுவை சிகிச்சை என்று எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமை வரைக்கும் ஒரு குறையுமில்லாமல் நீங்கள் நல்ல சுகத்தோடு இருக்கவேண்டும் என்று ஆண்டவரை மனதார வேண்டிக்கொள்கிறேன். திங்கட்கிழமைக்கு வேறு யாராவது வேண்டிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
வெர்னா ஸ்ட்ரவுட்