மரை உயரம்

12.12.2004, ஞாயிறு

இன்று ஈச்சங்குளத்துக் காட்டில், மான் சாதியில் பெரியதான மரை ஒன்றை விழுத்தினோம். கிடா. கொம்பு இரண்டு முழம் இருக்கும். மருந்து இடித்து நிரப்பும் என் இடியன் துவக்கின் வெடி தோள்பட்டையில் பட்டும் அது சாகவில்லை. சாகவும் கூடாது. உயிரோடு விழுத்துவது என் வேலை. ஓடிப்போய் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக் கழுத்தை அறுப்பது பதியுதீனின் வேலை. உயிர் போன பிறகு அறுத்தால் அவனுக்கு அந்த இறைச்சி ஆகாது.

இது வாலிபத்திலிருந்து வரும் பழக்கம். தொண்ணூறாம் ஆண்டில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டபோது அறுந்துபோனது. பன்னிரண்டு வருடம் அவன் ஓட்டமாவடியில், நான் வாகரையில், முகம் பார்க்கவில்லை. சமாதானம் என்று பாதை திறந்ததும் என் வாசலுக்கு முதலில் வந்தவன் அவன்தான். கத்தியோடுதான் வந்தான்.

இன்றைக்கு மரை அவனை நெஞ்சில் உதைத்தது. இரண்டு ஆள் நீளம் தள்ளிப் போய் விழுந்தான். எழும்பிப் பாய்ந்து கொம்பைத் திருகிப் பிடித்து அறுத்தான். இரத்தம் பீறி அவன் கண், வாய், தாடியெல்லாம் நனைந்தது. முகத்தைத் துடைக்கும் முன்பே தொடங்கிவிட்டான்.

“இது மானா? எருமைக்குக் கொம்பு முளைச்சிரிக்கி. புள்ளிமான் எண்டா வெடி பட்டா மரியாதையாப் படுக்கும்.”

“படுக்கிறதா பெருமை? என்ட மரை வெடிய வாங்கிக்கொண்டு கிறுகி நிண்டு உன்ன உதைச்சிச்சு. அதுதான்டா வீரம்!”

“உதைச்சு என்ன? செத்துத்தானே கிடக்கு. புள்ளிமானுக்கிட்ட நீ போகேலாது. நீ மூச்சு விட்டா அது ஊர் தாண்டி நிக்கும். புத்தி பெருசா, உடம்பு பெருசா?”

வீடு வரும்வரைக்கும் இதே சண்டை. காவுதடியின் ஒரு முனை அவன் தோளில், மறுமுனை என் தோளில். இடையில் மரை தொங்குகிறது. அதன் மேலால் இருவரும் கத்திக்கொண்டு வந்தோம். தெய்வமணி வாசலில் நின்று கேட்டுவிட்டு, “நீங்க பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூண்டு கால்தான்” என்றாள். பெண்டாட்டி என்றால் என் பக்கம் அல்லவா பேசவேண்டும்?

13.12.2004

பந்தயம் முடிவாகிவிட்டது. இருபத்தாறாம் திகதி ஆளுக்கொன்று அடிப்பது. அவனுக்கு மான், எனக்கு மரை. தெய்வமணி இரண்டையும் ஒரே தூளில் சமைத்து, எது எதுவென்று சொல்லாமல் பரிமாறுவாள். பிறகு அவள் சொல்வதுதான் தீர்ப்பு. நெஞ்சு வீங்கிக் கிடந்தும் பதியுதீன் சம்மதித்துப் போயிருக்கிறான்.

29.12.2004

மூன்று நாளாக எழுதவில்லை. இன்று கை எழுதுகிறது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கெல்லாம் மரை விழுந்துவிட்டது. அறுத்து முடியவில்லை, கடற்பக்கமிருந்து புள்ளிமான் கூட்டம் வந்தது. எங்களைக் கண்டும் விலகவில்லை. காலடியில் உரசிக்கொண்டு மேற்கே ஓடியது. “பாத்தியா, என்ட ஆக்கள் உன்னக் கணக்கெடுக்கவே இல்ல” என்று பதியுதீன் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த நேரம்தான் ஊருக்குள் கடல் வந்திருக்கிறது.

மத்தியானம் காட்டை விட்டு வெளியே வந்தோம். ஊர் இல்லை.

தெய்வமணி முட்கம்பி வேலியில் இருந்தாள். கூந்தலும் சேலையும் கம்பியில் முறுகிக் கிடந்தன. முகம் என் பக்கம். நான் மரம் மாதிரி நின்றேன். பதியுதீன்தான் போனான். காலையில் மரையை அறுத்த அதே கத்தியால் அவள் கூந்தலை அறுத்து அவளைக் கீழே இறக்கினான். தன் சேர்ட்டைக் கழற்றி முகத்தை மூடினான். மகள் சுதர்சனா விறகுக்கு மேற்கே போனதால் உயிரோடு இருக்கிறாள்.

மரையைத் தூக்கியெறிந்துவிட்டு அதே காவுதடியில் ஆட்களைச் சுமந்தோம். பதினொரு பேர். தோளில் தோல் இல்லை.

03.01.2005

எது ருசி என்று இனி யார் சொல்வது?

19.06.2005

தகரக் கொட்டிலில் ஐந்து மாதம். யாரோடும் பேசவில்லை. சுதர்சனா சோறு வைத்தால் தின்பது, வைக்காவிட்டால் கிடப்பது.

இன்று பதியுதீன் மான்தொடை ஒன்றோடு வந்தான். “இந்தா, புள்ளிமான் இறைச்சி. தெய்வமணி இருந்தா இதத்தான் சொல்லியிருப்பா” என்றான்.

என்ன துணிவு அவனுக்கு! எழும்பி மூக்கிலேயே குத்தினேன். சேர்ட் முழுக்க இரத்தம். அவன் திருப்பி அடிக்கவில்லை. நிலத்தில் இருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், பைத்தியக்காரன். “அப்பாடா, உயிர் இரிக்கி உனக்கு” என்றான்.

பிறகு இருவரும் அந்த இறைச்சியைத் தின்றோம். நல்ல ருசி. அவனிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

05.11.2006

மறுபடி சண்டை. பாதையை மூடிவிட்டார்கள். பீரங்கிச் செல்லடி காலையிலும் உண்டு, மாலையிலும் உண்டு. நேற்றுக் கிணற்றடியில் நின்ற மூன்று பேரைப் பொறுக்கித்தான் எடுத்தோம். அரிசி இல்லை. சுதர்சனாவின் கன்னத்தில் எலும்பு தெரிகிறது. பதியுதீன் பாதைக்கு அந்தப் பக்கம் அகப்பட்டுவிட்டான்.

காட்டில் நடந்து வேட்டையாட முடியாது. மனித அசைவைக் கண்டால் எந்தப் பக்கத்திலிருந்தும் சுடுவார்கள். இனிக் கட்டுத்துவக்குத்தான் வழி. தடத்தின் குறுக்கே கயிறு, கயிற்றின் மறுமுனை துவக்கில். மிருகம் கயிற்றில் முட்டினால் வெடி.

ஈச்சங்குளத்துத் தடத்தில் கட்டுத்துவக்கு கட்டுவதில்லை என்று பதியுதீனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். “அது கள்ளன்ட வேல. செத்த உடம்பத்தான் தரும். அறுக்கக் கிடைக்காது” என்பான். அவன் இப்போது எங்கே வரப்போகிறான்? பசிக்கு வாக்குத் தெரியுமா?

07.11.2006

கட்டிவிட்டேன். வெடிக்கு ஈயம் கிடைக்கவில்லை. பழைய வலையிலிருந்து ஈயக் குண்டுகளை அறுத்து அப்படியே இடித்து இறக்கினேன். ஊர்ப்பக்கத்தில் கொப்பை முறித்துக் கட்டி அடையாளமும் வைத்தேன். இரண்டு பக்கமும் வைப்பதுதான் முறை. மேற்கிலிருந்து மனிதர் யார் வரப்போகிறார்கள்?

கயிற்றின் உயரத்தில்தான் கொஞ்ச நேரம் யோசனை. முழங்காலளவில் கட்டினால் மான், பன்றி எதுவும் விழும், நிச்சயமான கறி. இடுப்பளவில் கட்டினால் மரை மட்டும்தான். மானுக்குக் கயிறு கட்டவோ, நானோ? இடுப்பளவில்தான் கட்டினேன். என் பிள்ளை தின்பதும் மரையாகவே இருக்கட்டும்.

28.11.2006

மூன்று கிழமையாக ஒன்றும் விழவில்லை. கயிற்றுக்குக் கீழே மான்குளம்பு நிறையப் பதிந்திருக்கிறது. சுதர்சனா, “கயித்தக் கொஞ்சம் பதிச்சுக் கட்டுங்களன் அப்பா” என்றாள். கட்டவில்லை.

11.12.2006

என்ன செய்தேன் நான். என்ன செய்துவிட்டேன்.

நேற்று விடியத் தொடங்கிய செல்லடி நிற்கவில்லை. எங்களுக்கு முன்னால் ஓடிய கிழவருக்குத் தலை போய்விட்டது, உடம்பு நாலடி தூரம் நடந்து விழுந்தது. நானும் சுதர்சனாவும் காட்டுக்குள் இறங்கி மேற்கே ஓடினோம். குளத்தை நெருங்கும்போது கேட்டது — என் துவக்கு. ஆயிரம் வெடிக்குள்ளும் அதன் சத்தம் எனக்குத் தெரியும்.

கடவுளே, உள்ளதை எழுதுகிறேன். எனக்குச் சந்தோஷம் வந்தது. மரை விழுந்திட்டுது, பதியுதீன் மட்டும் இப்போது இருந்திருந்தால் என்றுதான் நினைத்தேன்.

அவன்தான் கிடந்தான்.

எங்களைக் கூட்டிப்போகத் தனியாகக் காட்டுக்குள்ளால் வந்திருக்கிறான். நான் வாக்குக் கொடுத்த தடம் என்று நம்பி வந்திருக்கிறான். இடது இடுப்பு இல்லை. சதையும் துணியும் எலும்பும் ஒன்றாகக் குழைந்து கிடந்தன. விரலால் நிலத்தைப் பிறாண்டிக்கொண்டு, “ரெத்தினம், ஆரு கட்டின?” என்று கேட்டான்.

“தெரியா மச்சான். ஆரோ கட்டியிருக்கிறாங்க.”

அதைச் சொன்ன நாக்கு இதுதான்.

சுதர்சனா தாவணியைக் கிழித்துக் காயத்தை இறுக்கினாள். அவள் குனிந்திருந்த நேரம் துவக்கை அவிழ்த்துக் குளத்துக்குள் எறிந்தேன். நிமிர்ந்தபோது அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடியை வெட்டி லுங்கிச் சாரத்தால் தூளி கட்டினேன். முன்முனை என் தோளில், பின்முனை என் மகளின் தோளில். மரையைத் தூக்குவது போலவேதான் தூக்கிவந்தோம். வழி முழுவதும் கத்தினான். பிறகு கத்தவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

16.12.2006

உயிர் தப்பிவிட்டான். கால் அடியோடு போய்விட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் அவன் மனைவி றஸீனா, என்னை அண்ணன் முறையில் காக்கா என்பவள், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நீங்க இல்லாட்டி அவர் மௌத்தாப் போயிருப்பார் காக்கா.” கையை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன்.

20.03.2007

அகதி முகாம். அவனை நாலு முறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் போவேன், பேசாமல் திரும்புவேன். அவனும் மானைப் பற்றியோ மரையைப் பற்றியோ ஒரு சொல் பேசவில்லை. நான் கூட இருக்கும்போது அவன் வாய் மூடியிருந்தது இதுதான் முதல் தடவை.

08.09.2008

சுதர்சனாவைக் கட்டிக்கொடுத்துவிட்டேன். பதியுதீன் கைத்தடிகளோடு கலியாணத்துக்கு வந்து ஒரு மூலையில் இருந்து சாப்பிட்டான். போகும்போது மகள் என் காதருகில், “வருசம் ஒண்டு தாறன் அப்பா. நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவன்” என்றாள். தகப்பனைப் பார்க்கும் பார்வையா அது? நான் சம்பாதித்த பார்வைதான்.

19.05.2009

யுத்தம் முடிந்துவிட்டதாம். தெருவெல்லாம் பட்டாசு. முதல் வெடிக்கே கட்டிலுக்குக் கீழே போய்விட்டேன். இரண்டாவது வெடிக்கு அந்த இடுப்பு கண்ணுக்குள் வந்தது. எத்தனை பேர் எத்தனை கயிறு கட்டினார்களோ, யார் எண்ணுவது? என் கயிறு ஒன்று. அது எனக்குத் தெரியும்.

24.05.2009, ஞாயிறு

ஓட்டமாவடிக்குப் போனேன். அவன் முற்றத்தில் கதிரையில் இருந்தான். நின்றபடியே ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். வாக்கு, கயிறு, குளத்தில் எறிந்தது, தெரியாது என்ற பொய், எல்லாம்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. “றஸீனா, அந்த டப்பாவ எடு” என்றான்.

பல்பொடி டப்பா. கையில் கவிழ்த்தான். அவன் இடுப்பிலிருந்து ஆஸ்பத்திரியில் எடுத்த ஈயம், நாலு துண்டு. நசுங்கியிருந்தாலும் ஒன்றில் வலைக்கயிறு ஓடும் துளை தெளிவாகத் தெரிந்தது.

“வலை ஈயம். காட்டு வேட்டக்காரன் எவன்டா துவக்குக்கு வலை ஈயம் போடுவான்? வீட்டில பழைய வலை வைச்சிரிக்கிற வேட்டக்காரன் நீ ஒருத்தன்தானே. ஆஸ்பத்திரியில இதக் கண்ட அண்டைக்கே எனக்குத் தெரியும். ரெண்டர வருசமா வாசலப் பாத்துக்கொண்டு இரிக்கன், இவன் எப்ப வந்து சொல்லுவான் எண்டு.”

நான் வாய் திறந்தேன். கைத்தடி வாயிலேயே விழுந்தது. இரண்டாவது அடி காதில், மூன்றாவது தோளில். நான் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. விழுந்தேன். அவனும் கதிரையோடு சரிந்து என் மேல் விழுந்தான், விழுந்தும் என் கழுத்தை விடவில்லை. அந்தக் கைக்கு இன்னும் மரையை அடக்கும் பலம் இருக்கிறது.

“மான் உயரத்துக்குக் கட்டியிருந்தா முழங்காலோட போயிருக்கும். மிச்சத்துக்குப் பொய்க்கால் பூட்டி நடந்திருப்பன். நீ மரை உயரத்துக்குக் கட்டினாய். பூட்ட இடமே இல்ல எண்டு டொக்டர் சொல்லிட்டார்.” முகத்தை முகத்தோடு வைத்துக் கேட்டான். “இப்ப சொல்லு. எது பெருசு?”

“புள்ளிமான்.”

“கேக்கல்ல.”

“புள்ளிமான், மச்சான். புள்ளிமான்தான்.”

கையை விட்டான். நான் அழவில்லை, அவன்தான் அழுதான். பெரிய சத்தமாக, தெருவுக்குக் கேட்க. அவனைத் தூக்கிக் கதிரையில் இருத்தினேன். றஸீனா வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொண்டுவந்து நிலத்தில் வைத்துவிட்டுப் போனாள். கையில் தரவில்லை. காக்கா என்றும் சொல்லவில்லை.

இரண்டு பல் போய்விட்டது, ஒன்று ஆடுகிறது. வெளிக்கிடும்போது கூப்பிட்டான்.

“வாற ஞாயிறும் வா. இன்னும் முடியல்ல.”

போவேன்.