நான்கு முனை மஞ்சள்

பெரியகுளம்,
6-6-2004

மகாலட்சுமிக்கு,

இங்கு அனைவரும் நலம். தொலைபேசியில் உன் குரலைக் கேட்கும் நிலையில் நான் இல்லை, ஆகவே எழுதுகிறேன்.

உன் அண்ணன் சுரேஷ்கண்ணனுக்கு ஆவணிக் கடைசியில் திருமணம். பெண் பழனிசெட்டிபட்டி. தாலியின் மூன்றாம் முடிச்சை மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் போடுவது நம் வழக்கம். அதை உன் சித்தப்பா மகள் ராஜாத்தி போடுவாள். தாவரவியல் ஆய்வுக்கென்று லண்டன் சென்று, பாதியில் அதை உதறிவிட்டு, கோட் தைக்கும் கடையில் துணிக்கு ஓரம் தைக்க உட்கார்ந்தவள் நீ. என்னைக் கேட்கவில்லை, அறிவித்தாய். நானும் அறிவிக்கிறேன். அழைப்பிதழ் அச்சானதும், ஊராருக்கு அனுப்புவதுபோல் உனக்கும் ஒன்று அனுப்பப்படும்.

இப்படிக்கு,
சுந்தரலிங்கம்

லண்டன்,
20-6-2004

அன்புள்ள அப்பாவுக்கு,

மகாலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவின் மூட்டுவலி பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

வரவேற்பன்று நீங்கள் கருஞ்சாம்பல் கோட்டும் அரக்கு நிற டையும் அணியப்போவதாக அண்ணன் சொன்னான். கோட்டின் மேல்பைக்கு ஒரு பட்டுக் கைக்குட்டை அனுப்புகிறேன். டையின் துணியிலேயே இதையும் வைப்பவர்கள் உண்டு. கடையில் ஜோடியாக வாங்கியது என்று பார்த்ததும் தெரிந்துவிடும். இரண்டும் உறவாக இருக்கலாம், இரட்டைப் பிள்ளைகளாக இருக்கக் கூடாது. அதனால்தான் யானைத்தந்த நிறம் எடுத்தேன். பையின் அகலத்துக்கு நேராக மடித்து, ஒரு விரல் அகலம் மட்டும் வெளியே தெரியும்படி வையுங்கள். முகம் துடைக்க வேறொன்று கால்சட்டைப் பையில் இருக்கட்டும். வைத்தபின் தொட்டுத் தொட்டுச் சரிசெய்யாதீர்கள்.

ஓரம் நான் கையால் உருட்டித் தைத்தது. முடிச்சை ராஜாத்தி போடட்டும் அப்பா. எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். முடியவில்லை.

உங்கள் மகள்,
மகாலட்சுமி

பெரியகுளம்,
8-7-2004

மகாலட்சுமிக்கு,

பொட்டலம் வந்தது. நான் கல்லூரியில் தாவரவியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் உன் தாய் அதைப் பிரித்து, கல்யாணத் துணியென்று சாமிக்கு முன் வைத்து, நான்கு முனையிலும் மஞ்சள் தடவிவிட்டாள். கேட்டதற்கு, "புதுத் துணிய மஞ்ச வைக்காமப் போடுவாகளா? எம் பிள்ள அனுப்புனதுங்க" என்றாள். உன் மாமன் பிச்சைமணி அதைத் தூக்கிப் பிடித்து, "லண்டன்ல மூக்குச் சிந்துறதுக்கும் பட்டுதானா மச்சான்? நம்ம ஊருத் தடுமனுக்கு இது தாங்காதே" என்றான். பட்டில் ஏறிய மஞ்சள் போகாது.

குறை காண்பதற்காகவே அதைக் கல்லூரிக்கு எடுத்துச் சென்று நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். ஓரம் ஓர் இளந்தண்டைப்போல் உருண்டிருந்தது. நூல் அதனுள்ளேயே ஓடி, ஊசிமுனையளவு வெளியே வந்து, மறுபடி உள்ளே மறைகிறது. ஒவ்வொரு தையலும் முந்தையதைப்போலவே இருந்தது. ஆனால் எந்திரத்தின் ஒழுங்கு அன்று, இலை நரம்பின் ஒழுங்கு. ஆய்வுக்கூடத்தைப் பூட்ட வந்த பலவேசம் காத்து நின்றதுகூடத் தெரியாமல், முழு ஓரத்தையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். இலைத்துளை திறப்பதை முதன்முதலாகக் கண்ட மாணவப் பருவத்தில்தான் அப்படி மூச்சடக்கி இருந்திருக்கிறேன்.

கோபம் தணிந்ததென்று எண்ணாதே. கூடியிருக்கிறது. இப்படியொரு கை உனக்கு இருப்பதை, என் வீட்டிலிருந்த காலமெல்லாம் நீ எனக்குக் காட்டவேயில்லை.

கறையோடு இதை அணிய இயலாது. வேறொன்று அனுப்பு. உன் தாய்க்கு மூட்டுவலி தேவலை.

சுந்தரலிங்கம்

லண்டன்,
19-7-2004

அன்புள்ள அப்பாவுக்கு,

வேறு அனுப்ப மாட்டேன். அம்மா செய்ததுதான் சரி.

நேர்மடிப்பை மறந்துவிடுங்கள். துணியை ஒரு முனை மேலே இருக்கும்படி சாய்த்து விரித்து வையுங்கள். கீழ்முனையைத் தூக்கி, மேல்முனைக்குச் சற்றே இடப்பக்கம் வையுங்கள். இடமுனையைத் தூக்கி வலப்பக்கமாகவும், வலமுனையைத் தூக்கி இடப்பக்கமாகவும் சாய்த்து வையுங்கள். நான்கு முனைகளும் பக்கம் பக்கமாக நிற்கும். அடியை மடித்துப் பையில் செருகுங்கள். மஞ்சள் வெளியே தெரியட்டும்.

காட்டவில்லை என்கிறீர்கள். மேகமலையிலிருந்து நீங்கள் பறித்து வந்த செடிகளை உலர்த்தியபின் அட்டையில் நூலால் தைத்துக் கொடுத்தது யார் அப்பா? விடுமுறை முழுதும் அதுதான் என் வேலை. நீங்கள் செடியைப் பார்த்தீர்கள்.

மகாலட்சுமி

பெரியகுளம்,
2-8-2004

மகளுக்கு,

அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். காம்பை நசுக்காமலும் நழுவ விடாமலும் நூல் பிடித்திருக்கிறது. சிலவற்றில் இலை உதிர்ந்துவிட்டது, தையல் நிற்கிறது. அவற்றின்மேல் என் கையெழுத்தில் செடியின் பெயர் இருக்கிறது, பறித்த இடம் இருக்கிறது, பறித்தவன் பெயர் இருக்கிறது. கோபம் அப்படியேதான் உள்ளது. யார்மேல் என்பதுதான் மாறிவிட்டது.

கோட்டை அணிந்து, பீரோக் கண்ணாடி முன் நின்று, நீ எழுதியபடியே மடித்து வைத்தேன். மொட்டு அவிழும் வேளையில் இதழ்நுனிகள் ஒன்றையொன்று விட்டு விலகுமே, அப்படி நின்றன நான்கும். நுனிதோறும் மஞ்சள். மனிதர் மடித்ததென்று சொன்னால் நானே நம்பியிருக்க மாட்டேன். பிச்சைமணி கிட்டே வந்து குனிந்து பார்த்தான். பிறகு உன் தாயிடம் மெல்ல, "ஆத்தாடி, துணியில பூவுல்ல பூக்க வச்சிருக்கு ஒம் மக" என்றான். நான் தொட்டுச் சரிசெய்யவில்லை.

முடிச்சைப் பற்றி ராஜாத்தியிடம் பேசிவிட்டேன். "அக்கா வாராகன்னா நான் எதுக்குப் பெரியப்பா?" என்று சிரித்தாள்.

அழைப்பிதழ்கள் அச்சாகி வந்துவிட்டன. உனக்கு அனுப்பவில்லை. வீட்டுப் பெண்ணுக்கு யாரும் அழைப்பிதழ் அனுப்புவதில்லை.

அப்பா