பெட்ரோல் பங்க் கானமேளா

பாறசாலை
12-2-1998

அண்ணா,

நீ ஷார்ஜாவுக்குப் போனதும் நம் பங்க் ராக் பேண்டு கலைந்துவிடும் என்றாய். எட்டு வருடத்தில் பாடகர் மூன்று பேரும் டிரம்மர் நான்கு பேரும் மாறினார்கள், பேண்டு கலையவில்லை.

நேற்று அதியன்னூர் கிளப் ஆண்டுவிழாவில் வாசித்தோம். நோட்டீசில் 'பங்க் பேண்டு' என்று பார்த்து, பெட்ரோல் பங்க்காரர்களின் கானமேளா, சினிமாப் பாட்டுக் கச்சேரி என்று நம்பி ஊரே வந்திருந்தது. உன் டிரம்மைக் கிணற்றில் போடுவேன் என்ற அப்பாவும் முன்வரிசையில் இருந்தார். பங்க் வழக்கப்படி முதல் பாட்டு ஐம்பது வினாடியில் முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. அப்பாதான் எழுந்தார்: "எலே மக்கா, அதுக்குள்ள தீந்தாச்சா? இன்னொண்ணு அடி!"

பிறகு பதினாறு பாட்டு அடித்தோம்.

லீவில் வரும்போது உன் டிரம் குச்சிகளைக் கேட்காதே. தரமாட்டேன்.

இப்படிக்கு,
உன் இடத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கை