வண்டிவீட்டுக்கு வந்த செய்தி

வில்லரே, மொன்றியல்
11 பங்குனி 2007

என் அன்பு அத்தானுக்கு,

உங்கள் அஞ்சலீனா எழுதுவது. நானும் மகளும் சுகம். இத்தனை வருடமும் இந்த வரியைப் பழக்கத்தில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். இன்றைக்கு இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். நீங்களும் மாமியும் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு எழுதுகிற முதல் கடிதம் இது. ஆண்டவருக்கு நன்றி. நீங்கள் சொன்னபடி ஃபாதரின் விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

உங்கள் கடைசிக் கடிதம் கார்த்திகையில் வந்தது. தை நடுவில் இருந்து ரேடியோவில், உங்கள் வாகரைப் பக்கத்துச் சனம் சண்டைக்குத் தப்பி, கையில் கிடைத்ததோடு நடந்து வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதில் இருந்து ஏழு கிழமை நான் என்ன செய்தேன் என்று எனக்கே சரியாக ஞாபகம் இல்லை. வேலைக்குப் போனேன், சமைத்தேன், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினேன். மற்ற நேரம் எல்லாம் ஃபோனுக்குப் பக்கத்தில் இருந்தேன். குளிக்கும்போதும் கதவைத் திறந்தே வைத்திருப்பேன். நிலக்ஷி ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றும் கேட்காமல் இருப்பது நல்லதற்கில்லை என்று தெரிந்தும் அதை வசதியாக எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் ஃபோன் எடுத்த அன்று நான் வீட்டில் இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் கதைத்த மேல் மாடி யோகராணி அக்கா உங்களிடம் "வெளியில போயிட்டா" என்று மட்டும் சொன்னாவாம். எங்கே போனேன் என்பதை என் வாயால்தான் சொல்ல வேண்டும். வாசித்து முடிக்கும்வரை என்னைக் கோபிக்க வேண்டாம்.

டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற கிச்சினில் எனக்கு எதிரே நின்று வேலை செய்கிற லீஸைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். இங்கத்தைப் பிரெஞ்சுக்காரி, அறுபது வயதாகப் போகிறது. அவவும் புருஷன் ரேஜானும் ஒரு சின்ன வண்டிவீடு வைத்திருக்கிறார்கள். காருக்கோ ட்ரக்குக்கோ பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போவது. இவர்கள் ரூலோட் என்பார்கள். பதின்மூன்று அடி நீளம், அதற்குள் அடுப்பு, மேசை, கட்டில் எல்லாம் உண்டு. வெயில் காலத்தில் அதில் போய்த் தங்குபவர்களை எனக்குத் தெரியும். இவர்கள் இரண்டு பேரும் வருடா வருடம் பனிக்காலத்தில், எல்லோரும் வீட்டுக்குள் முடங்குகிற நேரம் பார்த்து, காட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

மாசிக் கடைசியில் ஒருநாள் லீஸ் என் கையில் இருந்த தட்டை வாங்கி வைத்துவிட்டு, பள்ளி லீவுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு எங்களோடு காம்பிங்குக்கு வா என்றா. காம்ப் என்ற சொல்தான் என் காதில் விழுந்தது. தொண்ணூறாம் ஆண்டு கோயில் மண்டபத்தில் நாங்கள் அகதியாக மூன்று மாதம் கிடந்ததும், வாளியோடு வரிசையில் நின்றதும்தான் எனக்கு காம்ப். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பின்னேரம் இதை நான் யோகராணி அக்காவிடம் சொன்னது பள்ளியில் இருந்து வந்த நிலக்ஷியின் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்குத்தான் அவள் வாய் திறந்தாள். "அம்மா, ரெண்டு நாள் மட்டும் நாங்க வேற இடத்தில இருப்பமா? இந்த ஃபோன் எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

அத்தான், நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

மேல் மாடியில் இருக்கிற யோகராணி அக்கா யாழ்ப்பாணத்து மனுசி, சொன்னால் சொன்னதுதான். "நீ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. நான் உன்ர வீட்டிலயே வந்து படுக்கிறன். அவர் எடுத்தால் நான் கதைக்கிறன்" என்றா. காம்பிங் நடத்துகிறவர்களின் அலுவலக நம்பரை லீஸிடம் வாங்கி ஃபோனுக்கு மேலே ஒட்டிவிட்டு வெள்ளிக்கிழமை பின்னேரம் வெளிக்கிட்டோம். வடக்கே மலைப்பக்கம், இரண்டரை மணித்தியாலம் ஓட்டம். வழி முழுக்க நான் திரும்பிப் போகச் சொல்லலாமா என்றே யோசித்துக்கொண்டு இருந்தேன்.

அந்த வீட்டை நீங்கள் பார்க்க வேண்டும். நாலு பேர் ஒரே நேரத்தில் எழும்பி நிற்க முடியாது, ஒருவர் நின்றால் மற்ற மூன்று பேரும் இருக்க வேண்டும். சாப்பிடுகிற மேசையைக் கீழே இறக்கி மெத்தை போட்டால் கட்டில். அதில் எனக்கும் மகளுக்கும் படுக்கை. குழாய் உறைந்து வெடித்துவிடும் என்று தண்ணீரைக் கலனில் கொண்டுபோயிருந்தார்கள். காஸில் எரிகிற ஒரு ஹீட்டர். வாசலில் கழற்றி வைத்த சப்பாத்து விடியும்போது தரையோடு ஒட்டிப்போயிருந்தது, ரேஜான் கேத்திலில் கொதித்த தண்ணீரை ஊற்றித்தான் எடுத்தார். இவ்வளவு குளிரிலும் ஒரு யன்னலை விரலளவு திறந்து வைத்திருந்தார்கள். காஸ் எரிகிற இடத்தில் காற்று வராவிட்டால் நித்திரையிலேயே போய்விடுவோமாம்.

இரவுச் சாப்பாட்டுக்கு அவித்த போஞ்சி விதையில் மேப்பிள் பாணியை ஊற்றித் தந்தார்கள். பருப்பில் சீனி போட்டதுபோல இருந்தது. நான் செத்தல் மிளகாய் இடித்துச் செய்து கொண்டுபோன கட்டைச் சம்பலை ரேஜான் ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டுவிட்டு, கண்ணீர் ஓட ஓட, இதுதான் உண்மையான ஹீட்டர் என்றார். நிலக்ஷி விழுந்து விழுந்து சிரித்தாள். ஏழு கிழமைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். நானும் சிரித்துவிட்டேன். சிரித்த உடனே, உங்களுக்கு என்ன நடந்ததோ தெரியாமல் இங்கே இருந்து சிரிக்கிறேனே என்று குற்றமாகவும் இருந்தது.

விடிய எழும்பும்போது புயல். யன்னலில் பாதிக்கு மேல் பனி. கரண்டும் போய்விட்டது. ஹீட்டர் காஸில் எரிந்தாலும் அதன் காற்றாடி பற்றரியில் ஓடுவது, குளிரில் பற்றரியும் இறங்கத் தொடங்கிவிட்டது. காற்றாடி மெதுவாகி மெதுவாகி நின்றது. கொஞ்ச நேரத்தில் நாங்கள் விடுகிற மூச்சு தெரிந்தது. நான் மகளை என் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டு, இப்படி ஒரு இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டி வந்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டு இருந்தேன். லீஸ் பதறவில்லை. எல்லாப் போர்வையையும் எங்கள் மேல் போட்டுவிட்டு, ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கோப்பி போட்டா. ரேஜான் இடுப்பளவு பனியை வெட்டி வழி எடுத்து, அவருடைய ட்ரக்கை ஸ்டார்ட் செய்து, அதில் இருந்து வயர் இழுத்துப் பற்றரிக்குக் கொடுத்தார். ஒரு மணித்தியாலம் பிடித்தது. உள்ளே வந்தபோது தாடி முழுக்க ஐஸ். ஹீட்டர் திரும்ப ஊதத் தொடங்கியதும் பிள்ளையைப் பார்த்துத்தான் முதலில், இப்ப சரியா என்று கேட்டார்.

நாங்கள் கைகளைச் சூடு காட்டிக்கொண்டு இருக்கும்போது, பனியில் ஓடுகிற மோட்டார் வண்டி ஒன்று வந்து நின்றது. காம்பிங் இடத்தைப் பார்க்கிற மனுசன். கதவைத் தட்டிவிட்டு, கையுறையைக் கழற்றி, சட்டைப் பையில் இருந்து ஒரு துண்டை எடுத்து வாசித்தார். அவருடைய பிரெஞ்சு எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. லீஸ் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தா. நான் செத்துப் பிழைத்தது அந்த ஒரு நிமிடத்தில்தான். நிலக்ஷி போர்வைக்குள் இருந்து தலையை நீட்டி, "அம்மா, அப்பா ஃபோன் பண்ணினவராம். அப்பா உயிரோட இருக்காராம்" என்றாள்.

லீஸ் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டா.

யோகராணி அக்காவோடு கதைக்க வேண்டும் என்று நான் சைகையில் கேட்டேன். அலுவலகம் ஒரு கிலோமீற்றர் தூரம், பாதை மூடிக் கிடந்தது. ரேஜான் தன்னுடைய பெரிய கோட்டை எனக்குப் போட்டுவிட்டார், அந்த மனுசன் என்னைத் தன் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். முன்பின் தெரியாத ஒருவரின் முதுகைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பனி முகத்தில் அடிக்க, பலமாகச் செபம் சொல்லிக்கொண்டு போனேன். இறங்கியதும் அவர் ஃபோனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வெளியே போய்ப் புயலில் நின்றார்.

யோகராணி அக்கா நீங்கள் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் சொன்னா. முதலில் நம்பாமல் உங்களைச் சோதித்தாவாமே. "பிள்ளையை வீட்டில என்னெண்டு கூப்பிடுவீங்கள் எண்டு கேட்டனான். 'சுண்டெலி' எண்டார். சொல்லிப்போட்டு அழுதார். பிறகு நானும் அழுதிட்டன்" என்றா. உங்கள் குரல் எப்படி இருந்தது என்று நாலு தரம் கேட்டேன். "ஓம், நல்லாத்தான் இருந்தது, கொஞ்சம் அடைச்சுப்போய்" என்று நாலு தரமும் பொறுமையாகச் சொன்னா. "நானும் அம்மாவும் இருக்கம். டவுனுக்குப் பக்கத்தில, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால தறப்பாள் கொட்டில்ல இருக்கம். ஃபாதருக்கு எழுதச் சொல்லுங்க" என்று சொல்லும்போதே கட்டாகிவிட்டதாம். மாமியை அவ்வளவு தூரம் எப்படிக் கொண்டு வந்தீர்கள்? முதுகிலா?

நானும் அம்மாவும் என்று சொன்னீர்கள். உங்களோடு இருந்த உங்கள் தம்பி கிறிஸ்டியைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று அக்காவிடம் கேட்டேன். இல்லை என்றா. கோல் கட்டானதால்தான் இருக்கும் என்றும் சொன்னா. நானும் அதையே சொல்லிக்கொள்கிறேன்.

திரும்பி வந்தபோது நிலக்ஷி கதவிலேயே நின்றாள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். காம்பில் என்று சொன்னேன். வேறு சொல் எனக்கு வரவில்லை.

"அப்பாவும் காம்பிங்கிலயா?" என்றாள்.

ஓம் என்றேன்.

"அங்க ஹீட்டர் இருக்கா?"

அங்கே குளிர் இல்லை மகள், ஹீட்டர் தேவையில்லை என்றேன். "அப்ப நல்லம்" என்று சொல்லிவிட்டு, லீஸிடம் ஓடிப்போய்ப் பிரெஞ்சில், எங்கட அப்பாவும் காம்பிங் போயிருக்கிறார் என்று பெருமையாகச் சொன்னாள். லீஸ் என் முகத்தைப் பார்த்தா. அவவுக்கு எங்கள் நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனாலும் விளங்கியது. பிள்ளையின் தலையைத் தடவி, கெட்டிக்கார அப்பா என்றா. பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அதிக நேரம் எதையோ துடைத்துக்கொண்டு நின்றா.

அத்தான், உங்களுக்கு மறைக்கவில்லை. நீங்கள் தறப்பாளுக்குக் கீழே மாமிக்குக் கஞ்சி தேடுகிற நேரம் நான் ஆசைக்குக் காம்பிங் போயிருந்தேன். இதை எப்படி எழுதுவது என்று ஒரு கிழமையாக இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். வெட்கமாக இருக்கிறது. ஆனால் போனதற்காக வருந்துகிறேன் என்று எழுதினால் அது பொய். ஏழு கிழமை தனியாகக் காத்திருந்த செய்தி, நாலு பேர் நெருக்கி இருந்த இடத்துக்கு வந்தது. அன்று பாதை திறக்கவில்லை, அடுத்த நாளும் மத்தியானம்வரை அங்கேயே இருந்தோம். ரேஜான் ஏணி வைத்து ஏறிக் கூரையில் பனி தள்ளினார், மகள் கீழே நின்று அவருக்குக் கட்டளை போட்டாள். நான் மத்தியானம் தொடங்கி இருட்டும்வரை நித்திரை கொண்டேன். அந்த நித்திரையைத் தந்ததற்கே அந்தச் சனத்துக்கு நான் என்ன செய்யப்போகிறேன்?

மற்ற விஷயங்கள். நிலக்ஷிக்குக் கணக்கு நன்றாக வருகிறது. தமிழ் எழுத்துக்கு அழுகிறாள், ஆனாலும் இதோடு வைத்திருக்கிற துண்டில் இருப்பது அவளே எழுதியது. பிழை திருத்தவில்லை. உங்களை இங்கே கூப்பிடுவதற்கான படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தையும் வைத்திருக்கிறேன். அம்மாவை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று முன்பு சொன்னீர்கள். விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. மாமிக்கு என்ன வழி என்று இங்கே ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கையெழுத்தை மட்டும் போடுங்கள்.

வேறு எதையும் நான் கேட்க மாட்டேன். எழுத முடிந்ததை எழுதுங்கள், முடியாததை விடுங்கள். இன்று காலைப் பூசையில் மூன்று மெழுகுதிரி கொளுத்தினேன். ஒன்று உங்களுக்கு, ஒன்று மாமிக்கு. தம்பிக்கான மூன்றாவதை எந்தப் பக்கம் வைப்பது, உயிரோடு இருப்பவர்களுக்கு வைக்கிற பக்கமா மற்றப் பக்கமா என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். நிலக்ஷி என் கையில் இருந்து வாங்கி, உங்களுடையதுக்கும் மாமியுடையதுக்கும் நடுவில் வைத்தாள். நான் அதை எடுக்கவில்லை. அங்கேயே எரியட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.

மாதா உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும்.

உங்கள்,
அஞ்சலீனா