இல்லாத டைம் அவுட்

பாடுகா, கென்டக்கி
1 மார்ச் 1989

என் சிங்கக்குட்டி மார்லாவுக்கு, பெரியப்பா விர்ஜில் எழுதுவது.

இதெல்லாம் நடக்கும் என்று முன்பே சொன்னவன் நான். ரேடியோவில் உன் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டே உன் பெரியம்மாவிடம், "பாத்துக்கிட்டே இரு, இந்தப் பொண்ணு இப்ப டைம் அவுட் கேப்பா" என்றேன். நீயும் கேட்டாய். கைவசம் டைம் அவுட் ஒன்றும் மிச்சமில்லாதபோது ஆட்டத்தை நிறுத்தக் கேட்டால், எதிரணிக்குத் தடுப்பாரின்றிக் கூடையில் எறியும் ஃப்ரீ த்ரோ கிடைக்கும் என்பது எட்டாவதோடு நின்ற எனக்கே தெரியும். ஒரு புள்ளியில் தோற்றீர்கள். போகட்டும்.

இப்போது உன்னைக் கண்டவர்கள் எல்லாம் ஒரு கையை நிறுத்தி, மறு கையை அதன்மேல் படுக்கவைத்து டைம் அவுட் காட்டுகிறார்களாம். வெள்ளிக்கிழமை வட்டாரக் கல்லூரிகளின் கான்பரன்ஸ் கோப்பை தொடங்குமுன் நீ அணிச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகப் போகிறாயாம். உன் அம்மா அழுதாள்.

கேள். 1962இல் உன் அப்பா டுவெய்ன் இதே தப்பைச் செய்தான். பெருமை பேசாதவன், சாகும்வரை உன்னிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் லூயிவில் அரங்கில் பதினெட்டாயிரம் பேர் அவனுக்குக் கை காட்டினார்கள். அவன் நடுவில் நின்று அதே கையைத் திருப்பிக் காட்டினான். நடுவர் வாயிலிருந்து விசில் விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அன்று அவன் எடுத்தது முப்பத்தொரு புள்ளி.

சட்டையைக் கொடுக்காதே.

உன் பெரியப்பா
விர்ஜில்

லூயிவில்
6 மார்ச் 1989

அன்புள்ள பெரியப்பா,

கொடுக்கவில்லை. எட்டு அணிகளில் நாங்கள் ஏழாவது. ஒரு ஆட்டம் தோற்றாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை நான் உள்ளே வந்ததும் எதிரணி மாணவர்கள் மொத்தமாக எழுந்து கை காட்டினார்கள். அப்பாவைப் போல நானும் திருப்பிக் காட்டினேன். வென்றோம். சனிக்கிழமையும் வென்றோம்.

நேற்று இறுதி ஆட்டம். ஒரு புள்ளி பின்னால் இருந்தோம், மிச்சம் எட்டு வினாடி. இந்த முறை ஒரு டைம் அவுட் நிஜமாகவே இருந்தது. கோச் பெட்டிஸ் தொண்டை கிழியக் கத்தினார், கேள் கேள் என்று. நான் கேட்கவில்லை. மூன்று பேருக்கு நடுவே புகுந்து போட்டேன். விழுந்தது.

கோப்பை வென்ற அணி வழக்கப்படி கூடையின் வலையை நினைவுக்கு அறுத்தெடுக்க ஏணியில் ஏறும்போது கோச் கத்தரிக்கோலை நீட்டிக்கொண்டே, "உனக்கென்ன காது செவிடா?" என்றார்.

"கேட்டுச்சு கோச். கேக்க வேணாம்னு விட்டேன்."

முறைத்தார். ஆனால் முதல் இழையை என்னைத்தான் அறுக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அதை அப்பாவின் கல்லறையில் வைக்கப் போகிறேன். அந்த '62 செய்தித்தாள் உங்களிடம் இருக்குமே, கொண்டுவாருங்கள். சேர்த்து வைக்கலாம்.

அன்புடன்
மார்லா

பாடுகா
9 மார்ச் 1989

மார்லா கண்ணு,

நீ வெல்வாய் என்று முன்பே சொன்னேன். முடிவெட்டும் கடையில் சாட்சி இருக்கிறது. உனக்குக் கை காட்டிய நம் ஊர்ப் பயல்கள் இப்போது எனக்குக் காப்பி வாங்கித் தருகிறார்கள். அந்தப் பந்து கூரையைத் தொட்டுவிட்டு விழுந்தது என்கிறேன். ஒருவரும் மறுக்கவில்லை.

செய்தித்தாள் இல்லை, கண்ணு. டுவெய்ன் இல்லாத டைம் அவுட்டைக் கேட்டது நிஜம், தோற்றதும் நிஜம். ஆனால் லூயிவில்லுக்கு அவன் போகவே இல்லை. மறுநாள் காலையில் சட்டையைக் கோச்சின் மேசையில் வைத்துவிட்டு வந்து என் வண்டியில் ஏறினான். "போலாம்ணே" என்றான். "விடுடா, பந்துதானே" என்று நானும் வண்டியை எடுத்துவிட்டேன். அப்புறம் அவன் பந்தைத் தொடவேயில்லை.

பதினெட்டாயிரம் பேருக்கு எதிரே நின்றவன் நான் ஜோடித்த ஆள். நம் வீட்டில் அப்படி நின்றது நீ ஒருத்திதான்.

விர்ஜில்